ஊரார் பள்ளிக்கூடத்துக்குள் வந்த காலம்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி நீளமான பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். காலில் செம்மண் அப்படியே இருந்தது.

“ஐயா, இதுல எந்த எடத்துல கையெழுத்துப் போடணும்னு பாத்துச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல குடுத்து விட்டாக.”

வாங்கிப் பார்த்தேன். எங்கள் பகுதியில் உள்ள ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேடு. அவள் அந்தக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். அன்று பிற்பகல் கூட்டம் நடந்ததாகவும், மூன்று பொருள்கள் விவாதிக்கப்பட்டு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியதாகவும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

“கூட்டத்துக்குப் போனியாம்மா?” என்று கேட்டேன்.

“மூணு மணிக்குக் கூட்டம்னா வேலைய விட்டுட்டு எப்படிய்யா வர்றது? கையெழுத்துதானே, போட்டுருவோம்.”

முப்பத்தைந்து வருடம் கோப்போடு வாழ்ந்தவன் நான். கூட்டம் நடக்காமலே நடந்த கூட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அவற்றுக்குக் குறிப்பும் எழுதியிருக்கிறேன். ஆகவே அதிர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் விரலை வைத்து அவளுக்கு இடத்தைக் காட்டியபோது எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் அங்கே பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அப்பா ஒரு கடையில் கணக்கு எழுதினார். பிரெஞ்சு படித்தால் பையன் பிழைத்துக்கொள்வான் என்று சேர்த்துவிட்டார். அம்மாவுக்குப் பிறந்த ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது.

எங்களுக்கு ‘கர்னே’ என்று ஒரு மதிப்பெண் குறிப்பேடு உண்டு. மாதாமாதம் வாத்தியார் அதில் மதிப்பெண்ணோடு ஒரு வரி அபிப்பிராயமும் எழுதுவார். கடைசியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம். அப்பா கடையிலிருந்து வர இரவு பத்தாகிவிடும். எனவே அம்மாவிடம்தான் நீட்டுவேன். “என்னப்பா போட்டிருக்கு?” என்பார். “நல்லாப் படிக்கிறேன்னு போட்டிருக்கும்மா” என்பேன். வாத்தியார் எழுதியிருந்தது ‘பவார்’. வாயாடி என்று அர்த்தம். அம்மா சந்தோஷமாக என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, “நீயே எம்பேரை எழுதிக்க” என்பார். நானும் எழுதிக்கொள்வேன். ஆறு வருடம் அம்மாவின் கையெழுத்தை நான்தான் போட்டேன்.

வாத்தியார் நல்லவர். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் அமைப்பே அப்படி. பிரான்சில் ஜூல் ஃபெர்ரி கல்வி அமைச்சராக இருந்தபோது, 1881-லும் 1882-லும் வந்த சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாக, கட்டாயமாக, மதச் சார்பில்லாததாக ஆக்கின. மிகப் பெரிய காரியம். ஆனால் அங்கே பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் வீடு. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பிவிட வேண்டும். அந்த ஏற்பாடு கடல் தாண்டிக் காரைக்காலுக்கும் வந்தது. பாஷையும் வேறு என்பதால் எங்கள் வாசல் இன்னும் கொஞ்சம் உயரமாகிவிட்டது. என் அம்மா ஒரு நாளும் அதைத் தாண்டியதில்லை.

நம் பக்கத்து நடைமுறை வேறு. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் வாத்தியாரை வைத்துக் காப்பாற்றியது ஊர்தான். நெல், காய்கறி, விசேஷ நாளில் வேட்டி துண்டு என்று வீடுகள் கொடுத்தவைதான் அவருக்குச் சம்பளம். பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று அப்பன் திண்ணையோரம் நின்றே கேட்டுவிடலாம். ஆனால் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. அந்தத் திண்ணையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்ததில்லை. பெண் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இருந்ததில்லை. எல்லோருக்கும் பள்ளி வேண்டுமென்றால் அரசாங்கம் வந்துதான் ஆகவேண்டும்.

அப்படி அரசாங்கமும் ஊரும் சேர்ந்து கைகொடுத்த ஒரு காலம் நம் மாநிலத்தில் இருந்தது. இன்று எழுபது எண்பது வயதில் இருப்பவர்களுக்கு அரைகுறையாக நினைவிருக்கும். காமராஜர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர்.

மதிய உணவுத் திட்டம் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அது ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையில் தொடங்கியது. பிறகு அரசு பங்கு கொடுத்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக்கு 10 காசு என்று கணக்கு. அதில் அரசு 6 காசு, ஊர் 4 காசு. அந்த 4 காசை ஊர் அரிசியாகவோ காயாகவோ விறகாகவோ கொடுத்து ஈடுகட்டலாம். பிடி அரிசி எடுத்து வைத்து வாரக் கடைசியில் பள்ளிக்குக் கொடுத்த வீடுகள் அன்று உண்டு.

அடுத்தது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். முதல் மாநாடு 1958-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூருக்கு அருகே கடம்பத்தூரில் நடந்தது. பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. அதன் நடைமுறை மிகச் சுலபம். ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன குறை என்று ஆசிரியர்களும் ஊராரும் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். கரும்பலகை ஒன்று, மணி ஒன்று, தண்ணீர்ப் பானை இரண்டு, கூரைக்கு ஓடு, விளையாட இடம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். இருப்பவர் நிலம் தருவார். இல்லாதவர் இரண்டு நாள் மண் சுமந்து தருவார். பிறகு வட்டாரத்துப் பள்ளிகளெல்லாம் சேர்ந்து மாநாடு. முதலமைச்சரோ அமைச்சரோ வருவார். யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று அந்த மேடையில் வாசிப்பார்கள். நூறு ரூபாய் கொடுத்த மிராசுதாருக்குக் கைதட்டல். பானை கொடுத்த குயவருக்கும் கைதட்டல்.

குன்றாண்டார்கோவிலுக்கு இது புதிய வழக்கம் அல்ல என்று சொல்லலாம். குகைக் கோவிலில் உள்ள பல்லவர் காலக் கல்வெட்டு, திருவாதிரை நாளில் சோறிடுவதற்காக அரிசி கொடுத்ததைச் சொல்கிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கொடை கல்லில் இருக்கிறது. கொடுத்தவன் பெயரை எழுதி வைப்பது விளம்பரத்துக்கு மட்டும் அல்ல. எழுதி வைத்தால் அவன் பேரன் வந்து, சோறு இன்னும் போடுகிறார்களா என்று கேட்பான்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும்.

படிப்பு முடித்துத் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு வந்து, ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பதிவறை ஒழுகியது. பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டும் வேலை என்னிடம் வந்தது. ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று முடிவு போட்டுக் கட்டுவது அந்த நாளைய எழுத்தர்களுக்குத் தெரியும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். அதில் ஒரு கட்டு, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் சீரமைப்புப் பட்டியல்களும் நன்கொடை விவரமும். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். சுண்ணாம்பு ஒரு மூட்டை. பனங்கை பன்னிரண்டு. ‘கிணறு தூர் வார நான்கு ஆள், மூன்று நாள்.’ ஒரு கிழவியின் பெயருக்கு நேரே ‘வேப்பங்கன்று 2, தண்ணீரும் தானே ஊற்றுவதாக ஒப்புக்கொண்டார்’ என்று இருந்தது. எதிரே இடது கைப் பெருவிரல் ரேகை.

சிரித்துக்கொண்டே படித்துவிட்டு, பத்து வருடம் கழிந்துவிட்டது, தணிக்கைத் தடை இல்லை என்று குறிப்பெழுதிக் கழிவுக் காகிதத்தோடு சேர்த்தேன். விதிப்படி சரி. கையொப்பமிட்டதும் நான்தான். இத்தனை கோப்பு பார்த்ததில் திரும்பப் பார்க்க முடியாதா என்று ஏங்குவது அந்த ஒன்றுக்குத்தான்.

அது ஏன் யாருக்கும் வேண்டாத கட்டு ஆனது? அதற்கும் வரலாறு உண்டு. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார். இரண்டும் நல்ல காரியம். ஆசிரியருக்கு உரிய சம்பளமும் பாதுகாப்பும் கிடைத்தது. 4 காசு போட முடியாத ஏழை ஊரின் பிள்ளையும் சாப்பிட்டது. ஊர்ப் பங்கை நம்பி இருந்தால் இல்லாத ஊருக்கு எப்போதும் இல்லைதான். அதனால் பழையபடி ஊரே சோறு போடட்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கூடவே ஒன்று நடந்தது. பிடி அரிசிக்கு வேலை இல்லை என்றானதும், அரிசியைக் கொண்டு வந்த கால்களுக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை இல்லாமல் போனது. “நம்ம பள்ளிக்கூடம்” என்ற பேச்சு மெல்ல “கவர்மெண்டு பள்ளிக்கூடம்” ஆனது. ஓடு உடைந்தால் ஏறி மாற்றிய ஆள், மனு எழுதித் தரச்சொல்லி என் மேசைக்கு வர ஆரம்பித்தார். நானும் எழுதிக் கொடுத்தேன்.

மறுபடியும் ஊர் எழுந்து வந்ததை நான் பார்த்தது 1991-ல். புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம். அதற்கு முந்தைய வருடம் கேரளத்தில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகியிருந்தது. நம் மாவட்டத்தில் அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல்லூரிப் பேராசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், அறிவியல் இயக்கத்துக்காரர்கள் எல்லோரும் இறங்கினார்கள். பாரத்தைச் சுமந்தது ஊர்ப் பிள்ளைகள்தான். பத்தாவது முடித்து வீட்டில் இருந்த பெண்கள், வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள். சம்பளம் கிடையாது. தொண்டர் என்ற பெயர் மட்டும். ‘பட்டா’, ‘படி’ என்று தொடங்கும் பாடப்புத்தகமும் ஓர் அரிக்கேன் விளக்கும் கையில்.

வகுப்புக்கு நேரம் வைத்தது கற்கிறவர்கள். வயல் வேலை முடிந்து, உலை வைத்து இறக்கி, பிள்ளைகளைத் தூங்கப் போட்ட பிறகு இரவு எட்டு மணிக்கு. இடமும் அவர்கள் சொன்னதுதான். கல் உடைக்கிற இடத்தில், செயற்கை வைரம் பட்டை தீட்டுகிற கொட்டகையில், கோவில் மண்டபத்தில். நாடகமும் பாட்டுமாகக் கலைக்குழு தெருவுக்கு வந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அதைப் பார்க்க வந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய கட்டுரை பின்னர் 1996-ல் அவருடைய நூலிலும் வந்து உலகமெல்லாம் தெரிந்தது. சைக்கிளைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் ஏறி அவர்கள் எங்கே போனார்கள் என்றால், தொண்டர்களாக இருந்தவர்கள் அடுத்த ஊர் வகுப்புக்கும் போனார்கள். 1992-ல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது.

அப்பா காலமான பிறகு அம்மா பிறந்த ஊருக்கே வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், இயக்கம் எதிர்பார்த்த வயதில் இல்லை. ஆனால் அவர் வீட்டுத் திண்ணையில்தான் அந்தத் தெரு வகுப்பு நடந்தது. விளக்குக்கு மண்ணெண்ணெய் அவருடைய ரேஷனிலிருந்து. வகுப்பு நடத்திய பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒரு நாள் நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பெண் வருகைப் பதிவில் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்து, “ஆத்தா, உங்க பேரையும் எழுதிக்கிறேன். திண்ணை குடுத்தவங்கன்னு” என்றாள்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எம்பேரை இவன்தான் எழுதுவான், சின்னப் பிள்ளையிலேருந்து” என்றார்.

தெரிந்து சொன்னாரா, வெறும் வாஞ்சையில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிறு பெண் பென்சிலை அம்மாவின் கையிலேயே கொடுத்துப் பிடித்துக்கொண்டு எழுத வைத்தாள். நான்கு எழுத்து, நாலு திசையில். அம்மா அதற்கு மேல் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க, எட்டு மணிக்கு வராத பெண்ணைத் தேடி வீட்டுக்கே போய்க் கூட்டி வருகிற வேலையை அவர் யார் சொல்லியும் செய்யவில்லை, தானே எடுத்துக்கொண்டார்.

கழித்துக்கட்டிய அந்தக் கட்டையும் அம்மாவின் திண்ணையையும் சேர்த்து வைத்துப் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டிலும் ஊர் வந்தது. ஏன் வந்தது? எனக்குத் தெரிந்த வரை மூன்று காரணம். அவர்களிடம் இருந்ததைக் கேட்டார்கள், இல்லாததைக் கேட்கவில்லை. அவர்களுக்குத் தோதான நேரத்தில் கேட்டார்கள். கொடுத்ததை எழுதி, பத்துப் பேர் முன்னால் வாசித்தார்கள். இந்த மூன்றும் இல்லாமல் “பெற்றோர்கள் ஒத்துழைக்க வேண்டும்” என்று சுற்றறிக்கை அனுப்பினால் யாரும் வரமாட்டார்கள். சுற்றறிக்கை எழுதியவன் சொல்கிறேன்.

இப்போது சட்டமே ஊரின் பக்கம் இருக்கிறது. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை வைத்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. அதாவது 1958-ல் மரத்தடியில் போட்ட அதே பட்டியல், இப்போது சட்டத்தின் பெயரால். 2022-ல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களை மாற்றி அமைத்தார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் எழுத்தை மறந்தபோது, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாலையில் தெருவிலேயே வகுப்பு. தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரும்பாலும் பெண்கள். எங்கள் தெருவில் வகுப்பெடுத்த பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அரிக்கேன் விளக்குப் பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

ஆக, சட்டம் இருக்கிறது, பதிவேடும் இருக்கிறது. அந்தப் பதிவேடுதான் அன்று மாலை என் திண்ணைக்கு வந்தது.

அவளைக் கையெழுத்துப் போடவிடாமல் உட்கார வைத்தேன். தீர்மானத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது பொருளில் ‘குடிநீர் வசதி திருப்திகரம்’ என்று இருந்தது.

“குழாய் ஒடஞ்சு ரெண்டு மாசமாச்சேய்யா! எம்மக வீட்டுல இருந்துல்ல போத்தல்ல கொண்டு போறா.”

“அப்ப இதை என்ன பண்றது?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பதிவேட்டை மூடி முந்தானையில் சுற்றிக்கொண்டு, “நாளைக்குப் போறப்ப டீச்சரம்மாட்ட கேட்டுட்டுப் போடுறேன்” என்றாள்.

அவள் கேட்டாள். தலைமையாசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு நான்கு பேர்கூட வருவதில்லை, மேலே அறிக்கை அனுப்பவேண்டியிருக்கிறது, நான் என்ன செய்ய என்று அவரும் தன் கஷ்டத்தைச் சொன்னாராம். அதுவும் உண்மைதான். அடுத்த கூட்டத்துக்கு முன்னால், பெண்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு ஐந்து மணிக்குப் பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் கூடிப் பேசுவது என்று முடிவாயிற்று. பதினொரு பேர் வந்தார்கள். நான் ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தேன். எழுதித் தருவது மட்டும் என் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

குழாயை ஒருத்தியின் தம்பி வந்து மாற்றிக் கொடுத்தான். கழிப்பறைக் கதவுக்கு ஒன்றியத்துக்கு மனு போயிருக்கிறது. இன்னும் பதில் இல்லை. பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை கூடவில்லை. டவுன் பள்ளி வேன் காலையில் இன்னமும் எங்கள் தெருவுக்கு வந்து ஹாரன் அடிக்கிறது. இந்தப் பதினொரு பேரால் அதை நிறுத்த முடியுமா என்று சொல்வதற்கில்லை.

ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டு நான் ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன். பெயர், கொடுத்தது, தேதி. முதல் வரியில் குழாய். மூன்றாவது வரியில் என் பெயர்: ‘எழுத்து வேலை, மாதம் ஒரு மாலை’. தலைமையாசிரியை அதைப் பள்ளி பீரோவில் வைக்கச் சம்மதித்துவிட்டார். அட்டையின் மேல் சிவப்பு மையில் ‘நி.மு.’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிரந்தரமாக வைத்திருக்கவேண்டியது. அப்படிப் போட இப்போது எனக்கு அதிகாரம் கிடையாது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.